சொன்னால் செய்கிறார்

(தலைக்காயம் அடைந்தவர்களின் குடும்பத்தினருக்காக ஒரு நூலக அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பின்னால் நிற்கிறவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். அது முக்கிய விருந்தினர்களுக்கு என்று யாரோ காலியாக வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அந்த விருந்தினர்கள் நீங்கள்தான்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் கட்டட மேஸ்திரி. விடியற்காலை எழுந்து, டீக்கடை வாசலிலேயே ஆள் பிரித்து அனுப்பிவிட்டு, ஏழு மணிக்கு சைட்டில் நிற்கிற மனிதர். ஒரு நாள் லோடு ஆட்டோ இடித்து வண்டியிலிருந்து விழுந்தார். ஹெல்மெட் இருந்தது, பெட்ரோல் டேங்க் மேல். நெற்றிப் பக்க மூளையில் இரத்தக்கசிவு. பத்து நாள் ஐ.சி.யூ., பிறகு வார்டு, பிறகு வீடு. மூன்று மாதம் கழித்து மனைவி அவரை என் ஓ.பி.க்கு அழைத்து வந்தார். நான் மறுவாழ்வு மருத்துவத் துறைக்காரன். அறுவைச் சிகிச்சைக்காரர்கள் வேலையை முடித்த இடத்தில் எங்கள் வேலை தொடங்கும்.

அந்த அம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன். "கையி காலு நல்லாருக்கு டாக்டர். பேச்சும் வந்துருச்சு. எந்திரிச்சு குளிங்கன்னா குளிக்கிறாரு. சாப்பிடுங்கன்னா சாப்பிடுறாரு. சொன்னா செய்றாரு. சொல்லலைன்னா சாயங்காலம் வரைக்கும் கட்டில்லயே உக்காந்திருக்காரு. கரண்டு போயி டிவி நின்னாலும் டிவியையே பாத்துட்டு இருக்காரு."

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. மாமியார், "உடம்பு நோகாம சாப்பிட்டுப் பழகிட்டான்" என்றார். மைத்துனர், "இழப்பீட்டுக் கேசு முடியிற வரைக்கும் இப்படித்தான் இருப்பாரு" என்றார். நான் மேஸ்திரியிடமே கேட்டேன். என்ன யோசனையில் இருக்கிறீர்கள்? "ஒண்ணுமில்ல சார்." மனசுக்குக் கஷ்டமா? "இல்ல சார்." வேலைக்குப் போகணும்னு இருக்கா? "போகணும்." எப்போது? அதற்குப் பதில் இல்லை. கோபமோ வருத்தமோ அந்த முகத்தில் தெரியவில்லை. அந்தக் கேள்வி அவருக்குள் எங்கும் போய்ச் சேராமல் விழுந்துவிட்டது போலிருந்தது.

செய்ய முடியும். ஆனால் தொடங்கவில்லை. இந்த இடைவெளியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதற்கு டோபமின் என்ற வேதிப்பொருளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பெயர் இப்போது கல்லூரிப் பிள்ளைகள் வாயில் தினமும் புரள்கிறது. ரீல்ஸ் பார்த்தால் டோபமின், பிரியாணி சாப்பிட்டால் டோபமின். 'டோபமின் டீடாக்ஸ்' என்று சொல்லிப் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்கள். போனைப் பூட்டிவைப்பது நல்ல காரியம். அதற்கு டோபமினைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். அது இன்பத்தைத் தருகிற ரசாயனம் என்பதுதான் இவ்வளவு பேச்சுக்கும் அடியில் இருக்கிற எண்ணம். விஞ்ஞானிகளே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1954-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செருகி, அது ஒரு நெம்புகோலை அழுத்தினால் அங்கே சிறு மின்சாரம் பாயும்படி செய்தார்கள். எலி ஓயாமல் அழுத்தியது. இவ்வளவு அழுத்துகிறதே, ரொம்பச் சுகமாக இருக்கிறது போலும் என்று முடிவு கட்டினார்கள். அந்தப் பாதைகளில் ஓடுவது டோபமின் என்று பின்னால் தெரிந்ததும் 'இன்ப ரசாயனம்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது.

அதை உரித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ட் பெரிட்ஜ். இனிப்புத் தண்ணீரை நாக்கில் விட்டால் எலி நாக்கை நீட்டிச் சப்புக்கொட்டும். கைக்குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தாலும் அதே முகம்தான். 1980-களின் இறுதியில் பெரிட்ஜும் டெரி ராபின்சனும் எலிகளின் டோபமின் பாதையை ஒரு நச்சுப்பொருளால் ஏறக்குறைய முழுவதுமாக அழித்தார்கள். அந்த எலிகள் தானாகச் சாப்பிடவில்லை. தட்டு நிறைய உணவு பக்கத்தில் இருந்தாலும் குழாய் வழியே ஊட்டாவிட்டால் செத்துப்போகும். ஆனால் அவற்றின் நாக்கில் இனிப்புத் தண்ணீரை விட்டபோது அதே சப்புக்கொட்டல், அதே முகம். ருசி இருந்தது, இன்பம் இருந்தது. அதை நோக்கி நகரவைக்கிற ஒன்று மட்டும் போய்விட்டது.

தமிழில் விருப்பம் என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துச் சமாளிக்கிறோம். 'எனக்கு இட்லி பிடிக்கும்' என்பது ஒன்று. 'இப்போது எழுந்து போய் இட்லி வாங்குகிறேன்' என்பது வேறொன்று. டோபமினுக்கு வேலை இந்த இரண்டாவதில்தான்.

ஜான் சலமோன் என்ற இன்னொரு அமெரிக்க ஆய்வாளர் எலிக்கு இரண்டு வழி வைத்தார். ஒரு பக்கம் கொஞ்சம் தீனி, சும்மா நடந்து போய் எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு பக்கம் நிறையத் தீனி, ஆனால் ஒரு தடுப்பின் மேல் ஏறிக் குதிக்க வேண்டும். சாதாரண எலி ஏறிக் குதிக்கும். டோபமினைக் குறைத்த எலி கொஞ்சத்தோடு திருப்திப்பட்டுக்கொள்ளும். ஏறத் தெரியாமலில்லை. தடுப்பைத் தாண்டினால் மட்டுமே தீனி கிடைக்கும் என்று வைத்தால் அதுவும் ஏறியது. சிரமத்துக்குத் தகுந்த பலன் உண்டா என்று மூளை போடுகிற கணக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். அந்த எலியைப் பார்த்து, உடம்பு நோகாமல் சாப்பிட்டுப் பழகிவிட்டது என்று எந்த மாமியாரும் சொல்வதில்லை.

சரி, டோபமினுக்கும் உடல் அசைவுக்கும் தொடர்பு இருப்பது முதலில் எப்படித் தெரிந்தது? இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் இதில் நம் மண்ணின் இரண்டு செடிகள் இருக்கின்றன. முதலாவது சர்ப்பகந்தி. நாட்டு வைத்தியத்தில் பித்துக்கும் தூக்கமின்மைக்கும் கொடுத்துவந்த வேர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் 1949-இல் அதை இரத்தக்கொதிப்புக்குப் பயன்படுத்திப் பார்த்த அனுபவத்தை ஆங்கில மருத்துவ இதழில் எழுதினார். மேல்நாட்டு மருந்துக் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. 1952-இல் அந்த வேரிலிருந்து ரெசர்ப்பின் என்ற மருந்துப்பொருளை சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுத்தார்கள்.

சுவீடனின் லுண்ட் நகரில் அர்விட் கார்ல்சன் அந்த ரெசர்ப்பினை முயல்களுக்கு ஊசி போட்டார். முயல்கள் காது தொங்கி, அசைவற்று, உயிருள்ள பொம்மை போல உட்கார்ந்துவிட்டன. பிறகு எல்-டோபா என்ற பொருளை ஊசி போட்டார். சற்று நேரத்தில் காது நிமிர்ந்தது, முயல் ஓடியது. இது 1957. எல்-டோபா மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிறது. டோபமினையே ஊசி போட்டால் ஏன் ஆகாது என்று கேட்பீர்கள். இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு காவல் இருக்கிறது, அது டோபமினை உள்ளே விடாது. எல்-டோபாவை விடும். வீட்டுக்குள் நுழைந்த பிறகு சட்டையை மாற்றிக்கொள்வது மாதிரி. இந்தக் கண்டுபிடிப்புக்காக கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வியன்னாவில் ஓலே ஹார்னிகீவிச் பார்கின்சன் நோயில் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து அங்கே டோபமின் வற்றியிருப்பதை 1960-இல் காட்டினார். மறு ஆண்டே நோயாளிகளுக்கு எல்-டோபா ஊசி. படுத்திருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். அவருக்கு நோபல் கொடுக்கவில்லை. அந்த வருத்தம் நரம்பியல்காரர்களுக்கு இன்னும் இருக்கிறது, எனக்கும்தான்.

இரண்டாவது செடி பூனைக்காலி. காயின் மேல் உள்ள சுணையை அடுத்தவன் சட்டைக்குள் போட்டுவிட்டு ஓடிய பையன்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள், இப்போது நரைத்திருக்கும். அந்த விதைக்குள் எல்-டோபா இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து 1937-இல் எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும். கார்ல்சனின் முயலுக்கு இருபது ஆண்டு முன்னால். அது மூளைக்கு மருந்தாகும் என்று அன்று யாருக்கும் தோன்ற வழியில்லை, மூளையில் டோபமின் இருப்பதே தெரியாத காலம். இதைக் கேட்டுவிட்டு நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கி நோயாளிக்குப் பாலில் கலந்து கொடுத்துவிடாதீர்கள். அதில் எவ்வளவு எல்-டோபா இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது மேலும் சிக்கல்.

இப்போது தலைக்காயத்துக்கு வருவோம். மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் டோபமின் சுரப்பவை சில லட்சம்தான். பெரும்பாலும் நடுமூளையில் ஒரு சிறு இடத்தில் குவிந்திருக்கின்றன. அங்கிருந்து மெல்லிய, மிக நீண்ட இழைகள் முன்மூளை வரைக்கும் கிளைவிட்டுப் போகின்றன. ஊருக்கு வெளியே இருக்கிற ஒரே பம்ப்செட்டிலிருந்து எல்லாத் தெருவுக்கும் குழாய் போட்ட மாதிரி. வேகமாகப் போகிற தலை திடீரென்று நிற்கும்போது மூளை மண்டையோட்டுக்குள் குலுங்கித் திருகுகிறது. நீண்ட இழைகள் இழுபட்டு அறுகின்றன. நெற்றிப் பக்கமும் அதன் அடிப்பகுதியும் எலும்பின் மேடுபள்ளத்தில் இடிபடுகின்றன. பம்ப்செட் நன்றாக இருக்கலாம், குழாய் உடைந்திருக்கலாம். அல்லது தண்ணீர் வருகிறது, வாங்கிக்கொள்கிற வீடு இடிந்திருக்கிறது. ஸ்கேனில் இரத்தம் வடிந்துவிட்டது, 'நார்மல்' என்று எழுதிக்கொடுப்பார்கள். அறுந்த இழைகளில் பெரும்பகுதி சாதாரண சி.டி. ஸ்கேனுக்குத் தெரியாது. டோபமின் பாதையைத் தனியாகக் காட்டும் படங்களை எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், பலமான தலைக்காயம் பட்ட சிலருக்கு அங்கே குறைவு தெரிந்தது. சிலருக்குத்தான், எல்லோருக்கும் அல்ல. இதை மறந்துவிடாதீர்கள், மருந்துப் பேச்சில் திரும்ப வரும்.

தொடங்க முடியாத நிலை முற்றினால் எப்படியிருக்கும்? 1941-இல் ஆக்ஸ்போர்டு அறுவை மருத்துவர் ஹியூ கேர்ன்ஸ் ஒரு சிறுமியைப் பற்றி எழுதினார். மூளையின் நடுவே நீர்க்கட்டி. கண் திறந்திருக்கிறாள், ஆள் போவதைக் கண்ணால் தொடர்கிறாள், பேச்சில்லை, அசைவில்லை. கட்டியின் நீரை எடுத்தால் பேசுவாள். மறுபடி சேர்ந்தால் மறுபடி சிலை. அது இந்த நிலையின் கடைசிப் படி. நம் மேஸ்திரி முதல் படியில் இருக்கிறார். பிரெஞ்சு மருத்துவர் டொமினிக் லாப்லான் பார்த்த நோயாளிகள் இவருக்கு இன்னும் நெருக்கம்: மூளையின் ஆழத்தில் சிறு புண், புத்தி குறையவில்லை, யாராவது தூண்டினால் எல்லாம் செய்வார்கள், தனியே விட்டால் மணிக்கணக்கில் வெறுமனே இருப்பார்கள். என்ன நினைக்கிறீர்கள் என்றால் ஒன்றுமில்லை என்பார்கள். அது உண்மையான பதில். உள்ளே பேச்சே ஓடவில்லை.

இதை மனச்சோர்வோடு குழப்பிக்கொள்கிறோம். மனச்சோர்வில் இருக்கிறவருக்கு வலிக்கிறது. இவருக்கு வலிக்கவில்லை. வலிக்கிறது வீட்டில் இருக்கிறவர்களுக்கு. இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதைப் பிரித்துப் பார்ப்பது மருத்துவர் வேலை.

மருந்து இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் விளம்பரத்தில் சொல்கிற மாதிரி இல்லை. அமன்டடின் என்று ஒரு மாத்திரை. முதலில் ஃப்ளூ காய்ச்சலுக்காக வந்தது. அதைச் சாப்பிட்ட பார்கின்சன் நோயாளி ஒரு பெண்மணி, காய்ச்சல் மாத்திரை போட்ட நாளில் உடம்பு விறைப்பு குறைந்திருந்தது என்று தன் மருத்துவரிடம் சொன்னார். பாஸ்டனில் ராபர்ட் ஷ்வாப் அதைப் பொருட்படுத்திக் கேட்டு, சோதித்து, 1969-இல் வெளியிட்டார். நோயாளி சொல்வதைக் கேட்பதன் மதிப்புக்கு இந்தக் கதையைத்தான் என் மாணவர்களிடம் சொல்வேன். அமன்டடின் டோபமினைக் கூட்டுகிறது, வேறு சில வேலைகளும் செய்கிறது.

2012-இல் ஜோசப் ஜியாசினோ, ஜான் வைட் குழுவினர் மூன்று நாடுகளில், 11 மையங்களில், 184 பேரிடம் அதைச் சோதித்து வெளியிட்டார்கள். அடிபட்டு 4 முதல் 16 வாரம் ஆனவர்கள், சுயநினைவு வராமலோ அரைகுறையாக வந்தோ கிடந்தவர்கள். பாதிப் பேருக்கு அமன்டடின், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை, நான்கு வாரம். மருந்து எடுத்தவர்கள் வேகமாக முன்னேறினார்கள். நிறுத்தியபின் இரண்டு வாரம் பார்த்தார்கள். அப்போது அவர்கள் வேகம் குறைந்தது. ஆறாவது வார முடிவில் இரண்டு கூட்டமும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றன. ஆக மருந்து பயணத்தை வேகப்படுத்தியது, போய்ச் சேரும் ஊரை மாற்றியதா என்பதற்கு அந்த ஆய்வில் பதில் இல்லை. முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு வருகிறவர்களிடம் இரண்டாம் பாதியைச் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும்.

பக்கவாதத்தில் இதைவிடக் கசப்பான கதை. 2001-இல் ஜெர்மனியில் 53 பேரை வைத்து ஒரு சோதனை. பிசியோதெரபிக்கு முன்னால் எல்-டோபா கொடுத்தவர்களுக்குக் கைகால் அதிகம் தேறியது. உலகமே உற்சாகமானது. பிறகு பிரிட்டனில் 593 பேரிடம் செய்து 2019-இல் வெளியிட்டார்கள். நடை தேறவில்லை. அண்மையில் சுவிட்சர்லாந்தில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் செய்தார்கள். அங்கும் பலன் தெரியவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பாதி வீடுகளில் பல்பு ஃபியூஸ், பாதி வீடுகளில் கம்பி அறுந்திருக்கிறது, எல்லா வீட்டுக்கும் மின்சாரத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? டோபமின் பாதையே பழுதானவர் யார், மற்றவர் யார் என்று பிரித்த பிறகு கொடுத்துப் பார்ப்பதுதான் இனி வழி என்பது என் எண்ணம். அது இன்னும் எண்ணம்தான்.

1982-இல் டென்னிஸ் ஃபீனி என்பவர் செய்த எலிச் சோதனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அசைவுக்கான மூளைப்பகுதி காயப்பட்ட எலிகள் மெல்லிய கட்டை மேல் நடக்கத் தடுமாறும். மறுநாள் ஒரே ஒரு வேளை ஆம்ஃபெட்டமின் கொடுத்தால் சீக்கிரம் தேறின. அது டோபமினையும் நார்அட்ரினலினையும் கூட்டுகிற மருந்து. ஆனால் மருந்தைக் கொடுத்துவிட்டு எலியை நகரவிடாமல் அடைத்துவைத்தால் பலன் போய்விட்டது. மருந்து ஏறியிருக்கும் நேரத்தில் கட்டை மேல் நடந்திருக்க வேண்டும். அதே ஆய்வில், ஹாலோபெரிடால் கொடுத்த எலிகள் தாமதமாகத் தேறின. அது டோபமினைத் தடுக்கிற மருந்து. தலைக்காய வார்டில் இரவில் கத்துகிறவர்களுக்குப் போடுகிற ஊசி அதுதான். சில இரவுகளில் அது தேவைப்படும், நானும் போட்டிருக்கிறேன். வாரக்கணக்கில் தொடரும்போது, 'இது இன்னும் வேண்டுமா டாக்டர்?' என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கூடினாலும் வினைதான். நியூயார்க்கில் ஆலிவர் சாக்ஸ் 1969-இல், மூளைக்காய்ச்சலுக்குப் பின் பல பத்தாண்டு சிலையாக இருந்தவர்களுக்கு எல்-டோபா கொடுத்தார். எழுந்தார்கள், பேசினார்கள், ஆடினார்கள். பிறகு பலருக்குத் தானாக வெட்டி இழுக்கும் அசைவுகளும் வெறியும் அடங்காத ஆசையும் வந்தன. பார்கின்சனுக்கு டோபமின் வேலையைச் செய்யும் சில மாத்திரைகளைச் சாப்பிட்ட சாது மனிதர்கள் சூதாட்டத்தில் இறங்கியிருக்கிறார்கள். 2010-இல் வெளியான, 3,090 நோயாளிகளைப் பார்த்த ஓர் ஆய்வில் 13.6 சதவீதத்தினருக்கு இத்தகைய கட்டுக்கடங்காத பழக்கங்கள் இருந்தன. உங்கள் வீட்டில் இந்த மருந்து ஓடுகிறதென்றால் ஆன்லைன் ரம்மி, திடீர்க் கடன், நள்ளிரவு ஷாப்பிங் இவற்றின் மேல் ஒரு கண் வையுங்கள். வெட்கப்பட்டு மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது என்ன? உள்ளே இருக்கிற ஸ்டார்ட்டர் பழுதென்றால் வெளியே ஒன்று வைக்க வேண்டும். வண்டி செல்ஃப் எடுக்காவிட்டால் உதைத்துக் கிளப்புகிறோம், வண்டியைத் திட்டுவதில்லை. மேஸ்திரி வீட்டில் செல்போனில் மூன்று அலாரம் வைத்தோம், அவர் குரலிலேயே பதிவு செய்து: "எந்திரி, பல்லு வெளக்கு." மனைவி வாயால் நூறு தடவை சொல்லி இருவரும் வெறுத்துப்போவது அதோடு நின்றது. 'வேலை செய்யுங்க' என்பது அவர் மூளைக்கு மலை. 'இந்தச் சட்டியை எடுங்க' என்பது படி. ஒரு செங்கல், ஒரு கரண்டிக் கலவை, கொல்லையில் ஒன்றரை அடி திண்ணை. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது இங்கே உதவுகிறது: எதிர்பார்த்தது அப்படியே கிடைத்தால் டோபமின் அணுக்கள் சும்மா இருக்கும், எதிர்பார்த்ததற்குக் கொஞ்சம் மேலே கிடைத்தால் துள்ளும், கிடைக்காவிட்டால் அடங்கிவிடும். ஆகவே எட்டுகிற அளவுக்கு வேலையைச் சிறிதாக்கி, முடித்தது கண்ணுக்குத் தெரியும்படி வைத்தோம். எழுந்த வரிசைகளைச் சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணினார் அவருடைய மகள். அமன்டடினும் கொடுத்தேன், பிசியோவுக்கு வருகிற நாட்களில் அந்த நேரத்தை ஒட்டி.

நான்கு மாதம் ஆயிற்று. மருந்து செய்ததா, செங்கல் செய்ததா, காலம் செய்ததா என்று என்னால் சொல்ல முடியாது. ஒரே ஒரு ஆளில் அதைப் பிரிக்க வழி கிடையாது. அந்த அம்மா தனியாக வந்து உட்கார்ந்தார், முகம் சிவந்திருந்தது. "நேத்து எங்கிட்ட சண்டை போட்டாரு டாக்டர்."

என்ன சண்டை?

"கொல்லைச் சுவரு கோணலா இருக்காம். சித்தாள் வேலைக்குக்கூட லாயக்கில்லைன்னு என்னையச் சொல்றாரு. நான் ஒண்ணுமே கேக்கல, அவரா வந்து ஆரம்பிச்சாரு."

சொல்லிவிட்டுத்தான் அவருக்கே உறைத்தது. கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, இதுக்கும் ஏதாவது மாத்திரை உண்டா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.